எல்லோரும் ஒன்றைச் சொல்லும்போது ஒருவர் என்ன செய்கிறார்

கேட்கப்பட்ட கேள்வி இது: தனியாக இருக்கும்போது நிதானமாகவும் நியாயமாகவும் நடக்கிற ஒருவர், கூட்டத்தோடு சேர்ந்ததும் ஏன் வேறு ஆளாகிவிடுகிறார்? கூட்டத்தில் மனிதருக்குச் சொந்த புத்தி வேலை செய்யாது என்கிறார்களே, சமூக உளவியல் அதை ஒப்புக்கொள்கிறதா?

மாறுகிறார் என்பது உண்மை. சொந்த புத்தி வேலை செய்யாது என்பதை நான் ஏற்கவில்லை. இந்தத் துறையைப் பாடமாக நடத்தியவன் என்பதால் ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பாடப்புத்தகங்களில் வருகிற சுருக்கமான கதைகள் மனிதரை ஆட்டுமந்தையாகக் காட்டுகின்றன. அதே சோதனைகளின் முழு அறிக்கைகளைப் படித்தால் அங்கே தெரிகிற மனிதர் வேறு. கூட்டத்துக்கு நடுவிலும் அவர் யோசித்துக்கொண்டேதான் இருக்கிறார். இங்கே என்ன நடக்கிறது, இந்த இடத்தில் நான் யார் என்ற இரண்டையும் தெரிந்துகொள்ள அக்கம்பக்கத்து முகங்களைப் பார்க்கிறார். அந்த முகங்கள் தப்பான பதிலைக் கொடுத்தால் அவரும் தப்பாக நடக்கிறார். அவற்றில் ஒரே ஒரு முகம் வேறு பதிலைக் கொடுத்துவிட்டால் அவர் நடத்தை பெரிய அளவில் மாறிவிடுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி விஷயம்தான். அதனால் பதில் முழுக்க அதைச் சுற்றியே போகும்.

முதலில், சரியான பதில் எது என்றே தெரியாத சூழ்நிலையைப் பார்ப்போம். துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த முசாபர் ஷெரிஃப் 1935இல் வெளியிட்ட சோதனை இது. கும்மிருட்டான அறையில் அசையாத ஒரு சின்ன ஒளிப்புள்ளியைக் காட்டினால், சுற்றிலும் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாததால் அது நகர்வது போலத் தோன்றும். எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று ஷெரிஃப் கேட்டார். தனியாகப் பார்த்தவர்கள் ஆளுக்கு ஓர் அளவில் போய் நின்றார்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்த்து உட்கார வைத்ததும், அவர்கள் சொன்ன அளவுகள் மெல்ல நெருங்கி ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. அப்புறம் மறுபடியும் தனியாகப் பார்க்கச் சொன்னபோதும் கூட்டத்தில் பழகிய அளவையே சொன்னார்கள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை.

1961இல் ஜேக்கப்ஸ், கேம்பல் என்ற இருவர் இதை இன்னும் கொஞ்சம் நீட்டினார்கள். ரொம்பப் பெரிய அளவைச் சொல்லும்படி சில ஆட்களை முன்கூட்டியே ஏற்பாடு செய்து குழுவில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பழையவர் ஒருவரை வெளியே அனுப்பி, அந்த இடத்தில் விஷயம் தெரியாத புதியவர் ஒருவரைச் சேர்த்தார்கள். ஏற்பாடு செய்யப்பட்ட கடைசி ஆளும் எழுந்து போன பிறகும், அந்த ஊதிப்பெருக்கிய அளவு உடனே மறையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தபடி இன்னும் சில சுற்றுகளுக்கு உயிரோடு இருந்தது. ஓர் அலுவலகத்தில் "இங்கே இப்படித்தான் செய்வோம்" என்று சொல்லப்படுகிற வழக்கத்தை ஆரம்பித்தவர் யார் என்று அங்கே யாருக்குமே தெரியாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இந்தச் சோதனைதான் ஞாபகம் வரும்.

சரி, பதில் கண்ணுக்கு நேராகத் தெரிந்தால்? அப்போதும் மனிதர் மற்றவர் சொல்வதைப் பின்பற்றுவாரா? சாலமன் ஆஷ் கேட்டது இதைத்தான். வார்சாவில் 1907இல் பிறந்து சிறுவயதில் நியூயார்க்குக்கு வந்தவர். 1950களின் தொடக்கத்தில், பென்சில்வேனியாவில் உள்ள ஸ்வார்த்மோர் கல்லூரியில் வேலை பார்த்தபோது அவர் செய்த சோதனை இன்றைக்கும் இந்தத் துறையின் அடித்தளம். ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும். தனியாகக் கேட்டால் நூற்றுக்கு ஒரு தடவைகூடத் தப்பு வராது, அவ்வளவு சுலபம். ஆனால் அறையில் இருப்பவர்களில் ஒரே ஒருவர்தான் நிஜமாகச் சோதனைக்கு வந்தவர். மற்ற எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்தவர்கள். மொத்தம் 18 சுற்று. அதில் 12 சுற்றுகளில் அவர்கள் அனைவரும் ஒரே குரலில் ஒரே தப்பான பதிலைச் சொல்வார்கள். வந்தவரின் முறை கடைசியில், அல்லது கடைசிக்கு முன்னால் வரும்.

மூன்று கல்வி நிறுவனங்களைச் சேர்ந்த 123 ஆண் மாணவர்களிடம் இது நடத்தப்பட்டது. அந்தத் தப்பான சுற்றுகளில் அவர்கள் சொன்ன பதில்களில் 36.8% கூட்டத்தோடு போயின. ஒரு தடவையாவது விட்டுக்கொடுத்தவர்கள் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர். பாடப்புத்தகம் இந்த இரண்டு எண்களோடு நிறுத்திக்கொள்ளும். அதே எண்களை மறுபக்கத்திலிருந்தும் பாருங்கள். அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே மாதிரி சொன்னபோதும் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான பதில்கள் சரியாகவே இருந்தன. நாலில் ஒருவர் கடைசிவரை ஒரு தடவைகூட வளைந்துகொடுக்கவில்லை. ஆஷ் தன் அறிக்கைகளில், விட்டுக்கொடுக்காதவர்களைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுதியிருக்கிறார். பின்னால் வந்த சுருக்கங்களில்தான் அவர்கள் காணாமல் போனார்கள். அது அந்த மனிதர்களுக்குச் செய்த அநியாயம் என்றே நினைக்கிறேன்.

சோதனை முடிந்ததும் ஆஷ் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசினார். விட்டுக்கொடுத்தவர்களில் சிலர், "அத்தனை பேர் சொல்கிறார்கள், என் கண்ணில்தான் ஏதோ கோளாறு" என்று நினைத்திருந்தார்கள். வேறு சிலருக்குத் தங்கள் கண் மேல் சந்தேகமே இல்லை. கூட்டம் சொல்வது தப்பு என்று தெரிந்தும், தனித்து நிற்க மனசு வராமலோ, ஆய்வாளரின் சோதனையைக் கெடுத்துவிடுவோமோ என்ற எண்ணத்திலோ ஒத்துப்போனார்கள். உறுதியாக நின்றவர்களும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அவர்களில் பலர் நெளிந்திருக்கிறார்கள், சங்கடப்பட்டிருக்கிறார்கள், தங்கள் கண்ணையே சந்தேகப்பட்டிருக்கிறார்கள். ஆனாலும் கண்டதைச் சொல்லியிருக்கிறார்கள். மார்ட்டன் டாய்ச், ஹெரால்ட் ஜெரார்ட் இருவரும் 1955இல் இந்த இரண்டு வழிகளையும் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, மற்றவர்களைத் தகவலாக எடுத்துக்கொள்வது. இன்னொன்று, அவர்கள் நம்மை ஒதுக்கிவிடுவார்களோ என்ற கவலை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே செயல். உள்ளே நடப்பது வேறு வேறு. அதனால் சரிசெய்கிற வழியும் வேறு வேறு. முதல் வகை ஆளுக்கு நல்ல தகவல் வேண்டும். இரண்டாம் வகை ஆளுக்கு எவ்வளவு தகவல் கொடுத்தும் பயனில்லை, பேசினால் ஒன்றும் ஆகாது என்ற பாதுகாப்பு வேண்டும்.

இனி முக்கியமான இடம். ஆஷ் எதிர்த்தரப்பின் எண்ணிக்கையை மாற்றிப் பார்த்தார். ஒரே ஒருவர் தப்பாகச் சொன்னால் விளைவு அனேகமாக இல்லை. இரண்டு பேர் என்றால் தப்பான பதில்கள் 13.6%. மூன்று பேர் என்றால் 31.8%. அதற்கு மேல் ஆட்களைக் கூட்டிக்கொண்டே போனாலும் பெரிதாக ஏறவில்லை. ஆக, கூட்டம் பெரிது என்பதைவிட எல்லோரும் ஒரே குரல் என்பதுதான் அழுத்துகிறது. அந்த ஒரே குரலை உடைத்துப் பார்த்தார். ஏற்பாடு செய்தவர்களில் ஒருவரைச் சரியான பதிலைச் சொல்லச் சொன்னார். விட்டுக்கொடுப்பது முன்பு இருந்ததில் சுமார் கால்வாசியாகச் சரிந்துவிட்டது. அந்த ஒருவர் சரியாகச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. கூட்டத்திலிருந்து விலகி வேறொரு தப்பைச் சொன்னாலும் அழுத்தம் தளர்ந்தது. 1971இல் வெர்னன் ஆலன், ஜான் லெவின் இருவரும் இன்னும் ஒரு படி போனார்கள். பார்வை சம்பந்தமான ஒரு வேலையில், தடிமனான கண்ணாடி போட்டு, பார்வை சரியில்லாதவராகத் தெரிகிற ஆளைத் துணைக்கு வைத்தார்கள். அவர் கண்ணை நம்ப முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியும் அவர் வேறு மாதிரி சொன்னதே மற்றவருக்குத் தைரியம் கொடுத்தது.

துணை நடுவில் கட்சி மாறினால்? அதையும் ஆஷ் பார்த்தார். பாதி வரை கூட நின்றவர் திடீரென்று கூட்டத்தோடு சேர்ந்துகொண்டதும் தப்புகள் மளமளவென்று ஏறி 28.5% ஆகின. கூட இருந்தபோது வந்த துணிச்சல் அவர் கட்சி மாறியதும் கூடவே போய்விட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கிறது. ஒருவர் நமக்குத் துணை நின்றார் என்பதற்காக நாம் நிரந்தரமாக மாறிவிடுவதில்லை. அவர் எதிர்ப்பக்கம் போய்விடாமல் இருக்க வேண்டியிருக்கிறது.

ஆஷிடம் உதவியாளராக வேலை பார்த்தவர்தான் ஸ்டான்லி மில்கிராம். யேல் பல்கலைக்கழகத்தில் 1961இல் அவர் தொடங்கிய மின்அதிர்ச்சிச் சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். சாம்பல்நிறக் கோட்டு போட்ட ஆய்வாளர் சொல்கிறார் என்பதற்காக, பக்கத்து அறையில் இருப்பவருக்கு 450 வோல்ட் வரை அதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக்கொண்டு விசையை அழுத்தியவர்கள் 40 பேரில் 26 பேர். நிஜத்தில் யாருக்கும் அதிர்ச்சி போகவில்லை. இது அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவது பற்றிய சோதனை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆனால் அவர் செய்த பல வடிவங்களில் இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூட உட்கார்ந்து அதே வேலையைச் செய்வதாக நடித்த இரண்டு ஏற்பாட்டு ஆட்கள் நடுவில் மறுத்து எழுந்துவிட்டபோது, 40 பேரில் கடைசிவரை போனவர்கள் 4 பேர்தான். விசையை வேறொருவர் அழுத்த, வந்தவர் கேள்வி கேட்பது போன்ற துணை வேலை மட்டும் செய்தபோது, 40 பேரில் 37 பேர் கடைசிவரை இருந்தார்கள். அதே மாதிரி ஊர்க்காரர்கள், அதே ஆய்வாளர். மாறியது பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பது.

அடுத்தது, கூட்டம் சும்மா நின்று வேடிக்கை பார்ப்பது. கிட்டி ஜெனோவீஸ் கதை உங்கள் காதில் விழுந்திருக்கலாம். 1964 மார்ச் 13 அதிகாலையில், நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் 28 வயதுப் பெண் தன் வீட்டருகே கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். 38 பேர் ஜன்னலில் நின்று பார்த்தும் யாரும் போலீசுக்குச் சொல்லவில்லை என்று இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் எழுதியது. உலகம் முழுக்க அந்தச் செய்தி நகரத்து மனிதர்களின் ஈரமின்மைக்குச் சாட்சியாகிவிட்டது. அந்தச் செய்தி பெரும்பாலும் தப்பு. முழுவதையும் பார்த்த 38 சாட்சிகள் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று 2007இல் மேனிங், லெவின், காலின்ஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் எழுதினார்கள். இரண்டாவது தாக்குதல் கட்டடத்தின் பின்பக்கம் படிக்கட்டுக்குக் கீழே நடந்தது, பெரும்பாலோர் கண்ணில் பட வாய்ப்பே இல்லை. ஒருவர் ஜன்னலிலிருந்து கத்தியதில் கொலைகாரன் முதலில் ஓடியிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் இறங்கி வந்து, ஆபத்து விலகியதா என்று தெரியாமலே, அந்தப் பெண்ணைக் கைகளில் தாங்கிக்கொண்டார். அந்தச் செய்தியில் குறை இருந்ததைப் பின்னாளில் பத்திரிகையே ஒப்புக்கொண்டது. இதைச் சொல்லாமல் அந்த 38 பேர் கதையை மட்டும் சொல்லிக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பது என் வேண்டுகோள்.

ஆனால் அந்தத் தப்பான செய்தியால் தூண்டப்பட்ட சோதனைகள் தப்பு இல்லை. பிப் லட்டானே, ஜான் டார்லி இருவரும் 1968இல் வெளியிட்டவை. ஓர் அறையில் மாணவர்கள் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது சுவரிலிருந்து புகை வர ஆரம்பிக்கும். தனியாக இருந்தவர்களில் 75% பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கூட இருந்த இரண்டு ஏற்பாட்டு ஆட்கள் தோளைக் குலுக்கிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தபோது சொன்னவர்கள் 10% மட்டும். மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், கையால் புகையை விசிறினார்கள், படிவத்தையும் நிரப்பினார்கள். பிறகு கேட்டபோது அது தீ என்று தாங்கள் நினைக்கவில்லை என்றார்கள். நீராவி என்றார்கள், ஏசியிலிருந்து வருகிற ஆவி என்றார்கள். நம்மை உண்மை பேச வைக்கிற ஏதோ வாயு என்று நினைத்தவர்களும் உண்டு.

இதில் பயந்தவர் யார், பயப்படாதவர் யார் என்பதை விடுங்கள். புத்தி எப்படி வேலை செய்திருக்கிறது என்று பாருங்கள். பொது இடத்தில் பதற்றத்தை முகத்தில் காட்டக் கூடாது என்று எல்லோரும் பழகியிருக்கிறோம். ஆளாளுக்கு உள்ளே திக்கென்று இருக்கும், முகம் மட்டும் அமைதியாக இருக்கும். ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்த்து "இவர் சும்மா இருக்கிறாரே, அப்படியானால் பெரிய விஷயம் இல்லை" என்று முடிவு செய்கிறார். அவர் முகத்தைப் பார்த்து மூன்றாமவரும் அதே முடிவுக்கு வருகிறார். யாருமே அக்கறை இல்லாதவர் இல்லை, ஆனால் அறை முழுக்க அக்கறை இல்லாதது போல ஆகிவிடுகிறது.

அவர்களுடைய இன்னொரு சோதனையில், தனித்தனி அறைகளிலிருந்து ஒலிபெருக்கி வழியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு வலிப்பு வருவது போலக் கேட்கும். தான் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85% பேர் அந்தச் சத்தம் அடங்குவதற்குள் வெளியே வந்து உதவி தேடினார்கள். இன்னொருவரும் கேட்கிறார் என்று நம்பியபோது 62%. இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்றால் 31%. வெளியே வராதவர்கள் கவலையில்லாமல் உட்கார்ந்திருக்கவில்லை. ஆய்வாளர் உள்ளே போனபோது கை நடுங்கிக்கொண்டும் வியர்த்துக்கொண்டும் "அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்டவர்கள் அவர்களில் உண்டு. போகவும் முடியாமல் விடவும் முடியாமல் தவித்திருக்கிறார்கள். 'மனிதாபிமானம் செத்துவிட்டது' என்று எளிதாகத் தீர்ப்புச் சொல்பவர்கள் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும்.

கூட்டம் கூடினால் உதவி கிடைக்காது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், இங்கிலாந்தின் லங்காஸ்டர் ஆகிய ஊர்களின் கண்காணிப்பு கேமராப் பதிவுகளிலிருந்து தெருச் சண்டைகள் 219ஐ எடுத்து, ரிச்சர்ட் பில்பாட்டும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பது சண்டைகளில் வழிப்போக்கர் ஒருவராவது தலையிட்டிருந்தார். சுற்றி ஆட்கள் அதிகம் இருந்தால் யாராவது ஒருவர் தலையிடுகிற வாய்ப்பும் அதிகமாகவே இருந்தது. புகை வந்த அறைக்கும் தெருச் சண்டைக்கும் என்ன வித்தியாசம்? தெருவில் என்ன நடக்கிறது என்பதில் குழப்பம் இல்லை. மற்றவர்களின் பதற்றமும் கண்ணுக்குத் தெரிகிறது.

'நான் யார்' என்ற இரண்டாவது கேள்விக்கு மார்க் லெவினும் குழுவினரும் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்து 2005இல் வெளியிட்ட சோதனை அழகான சான்று. வந்தவர்கள் எல்லோரும் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து ரசிகர்கள். தங்கள் அணியைப் பற்றி எழுதச் சொல்லிவிட்டு, இன்னொரு கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். வழியில் ஒருவர் ஓடி வந்து தடுக்கி விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு முனகுவார். மான்செஸ்டர் சட்டை போட்டிருந்தால் பெரும்பாலோர் உதவினார்கள். லிவர்பூல் சட்டையோ சாதாரணச் சட்டையோ என்றால் உதவியவர்கள் குறைவு. அடுத்த தடவை, அணியைப் பற்றி எழுதச் சொல்வதற்குப் பதிலாக, கால்பந்து ரசிகராக இருப்பதன் மகிழ்ச்சியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். இப்போது பரம எதிரியான லிவர்பூல் சட்டைக்காரருக்கும் உதவி கிடைத்தது. சாதாரணச் சட்டைக்காரருக்குத்தான் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. சில நிமிட எழுத்து வேலை, 'நம்மவர்' என்ற வட்டத்தின் எல்லையையே மாற்றிவிட்டது.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு கும்பலுக்கு வருவோம். கூட்டத்தில் மனிதர் காட்டுமிராண்டி நிலைக்கு இறங்கிவிடுகிறார் என்ற எண்ணத்தைப் பரப்பியவர் பிரான்சின் குஸ்தாவ் லெ பான், 1895இல். 1871இன் பாரிஸ் எழுச்சியைப் பார்த்து மிரண்ட ஒரு வர்க்கத்தின் பயம் அவர் எழுத்தில் ஊறியிருக்கிறது. கூட்டங்களை அருகில் போய் ஆராய்ந்தவர்கள் கண்டது அதுவல்ல. 1980 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், செயின்ட் பால்ஸ் பகுதியில் கலவரம் வெடித்தது. ஸ்டீவ் ரைக்கர் அதில் இருந்தவர்களிடம் விரிவாகப் பேசி எழுதினார். கூட்டம் கண்டதையும் தாக்கவில்லை. கல் போனது போலீஸ் மேல், வங்கி போன்ற கட்டடங்கள் மேல். வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, வாகனங்களை ஒழுங்குபடுத்தி அனுப்பியவர்களும் அந்தக் கூட்டத்துக்காரர்களே. 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்பில் சுரங்க ரயில் இருட்டில் சிக்கியவர்களைப் பற்றி ஜான் ட்ரூரியும் குழுவினரும் ஆராய்ந்தபோதும், முண்டியடித்து மிதித்த கதைகளைவிட முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் கட்டுப்போட்டு, தண்ணீர் கொடுத்து, ஆறுதல் சொன்ன கதைகளே அதிகம் கிடைத்தன.

முகம் தெரியாது என்ற துணிச்சல்தான் கொடுமை செய்ய வைக்கிறது என்றும் சொல்வதுண்டு. 1979இல் ஜான்சன், டவுனிங் இருவரும் செய்த சோதனை அதற்கு நல்ல பதில். அடையாளம் தெரியாதபடி உடை மாட்டிவிட்டு, இன்னொருவருக்கு எவ்வளவு அதிர்ச்சி கொடுப்பது என்று முடிவு செய்யச் சொன்னார்கள். அமெரிக்க வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் அங்கி போன்ற உடையில் அளவு கூடியது. நர்ஸ் சீருடையில் குறைந்தது, அதிலும் அடையாளம் தெரியாதபோது இன்னும் குறைந்தது. முகம் மறைந்த இடத்தை உடை நிரப்பியிருக்கிறது.

நம் ஊரிலேயே இரண்டு முகத்தையும் பார்த்திருக்கிறோம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இரவு பகலாகக் கூடிய பெருங்கூட்டத்தில் இளைஞர்கள் குப்பை பொறுக்கினார்கள், போக்குவரத்தை ஒழுங்கு செய்தார்கள். 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துகிறவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்தபோது, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கோயிலுக்குப் போன குடும்பத்தை வழியில் ஒரு கும்பல் அடித்து, வயதான பெண் ஒருவர் உயிரிழந்தார். அந்தக் கும்பலுக்கு வெறி பிடித்தது என்று சொன்னால் நமக்கு விளங்குவது ஒன்றுமில்லை. 'இங்கே என்ன நடக்கிறது' என்பதற்கு வதந்தி ஏற்கெனவே பதில் எழுதி வைத்திருந்தது. 'நான் யார்' என்பதற்கு, பிள்ளைகளைக் காப்பாற்றுகிறவன் என்ற பதில் தயாராக இருந்தது. ஆஷின் அறையில் கிடைத்த அந்த ஒரு வேறு குரல் வெளியே வரவில்லை, அல்லது வந்தும் கேட்கவில்லை. குற்றத்துக்கு இது மன்னிப்பு ஆகாது. ஒவ்வொருவரும் யோசிக்கக் கூடியவராகவே அங்கே நின்றார் என்பதால் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

நாம் பயந்து ஒத்துப்போகிற கூட்டம் சில நேரம் நிஜத்தில் இருப்பதே இல்லை. சவுதி அரேபியாவில் திருமணமான இளம் ஆண்களிடம் லியோனார்டோ பர்ஸ்டினும் கூட்டாளிகளும் செய்து 2020இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போவதைப் பெரும்பாலோர் ஆதரித்தார்கள். ஆனால் மற்ற ஆண்கள் அவ்வளவு பேர் ஆதரிக்க மாட்டார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார். சிலருக்கு மட்டும் உண்மையான எண்ணிக்கையைச் சொன்னார்கள். மனைவியை வேலைவாய்ப்புச் சேவையில் பதிவு செய்ய முன்வந்தவர்கள் அவர்களிடையே அதிகமானார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தபோது, அந்த மனைவிகள் வேலைக்கு விண்ணப்பித்திருப்பதும் அதிகமாகவே இருந்தது. நம் குடும்பங்களில் "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று நிறுத்தி வைக்கப்படுகிற காரியங்களில் எத்தனை, அந்த நாலு பேரிடம் கேட்காமலே நின்றுபோனவை?

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில், கல்லாக மாறிய பழங்கால மரத்துண்டுகளுக்குப் பேர்போன தேசியப் பூங்காவில் ராபர்ட் சியால்டினியும் குழுவினரும் இரண்டு வகைப் பலகை வைத்துப் பார்த்தார்கள். நிறையப் பேர் எடுத்துப்போய்விட்டார்கள் என்று வருத்தப்பட்ட பலகை இருந்த இடத்தில், அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் சுமார் 8% திருட்டுப் போயின. தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்ன இடத்தில் 2%க்கும் குறைவு. எல்லோரும் குப்பை போடுகிறார்கள், எல்லோரும் லஞ்சம் கொடுக்கிறார்கள் என்று புலம்புகிற விழிப்புணர்வு விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருப்பது இதனால்தான்.

சேர்ந்து வேலை செய்யும்போது உழைப்பு குறைவதைப் பற்றிச் சுருக்கமாக: கயிறு இழுப்பதில் ஆள் கூடக் கூட ஒவ்வொருவரின் பங்கும் குறைவதை பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கல்மான் 1913இல் வெளியிட்டார். 1979இல் லட்டானேயும் சகாக்களும் கைதட்டலிலும் கத்தலிலும் அதையே கண்டார்கள். அவரவர் பங்கு தனியாகத் தெரியும் என்றால் இந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிடும். ஸ்டான்ஃபோர்ட் சிறைச் சோதனையை நான் ஆதாரமாகக் காட்டுவதில்லை. 1971இல் 'காவலர்'களாக நடித்த மாணவர்களுக்கு எப்படிக் கடுமையாக நடப்பது என்று முன்பே வழிகாட்டப்பட்டது பின்னாளில் ஆவணங்களிலிருந்து வெளிவந்தது. தானாகக் கெட்டுப்போனார்கள் என்ற கதை அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது.

ஒருவர் தனித்துச் சொன்னால் மற்றவர் மாறுவாரா? செர்ஜ் மொஸ்கோவிசி 1969இல் ஆஷின் சோதனையைத் தலைகீழாக்கினார். ஆறு பேரில் இரண்டு பேரை, நீல நிறப் படங்களைப் பச்சை என்று சொல்ல வைத்தார். அவர்கள் மாறாமல் ஒரே பதிலைச் சொன்னபோது மற்றவர்களின் பதில்களில் 8.4% பச்சை ஆயின. ஒரு சமயம் பச்சை, ஒரு சமயம் நீலம் என்று மாற்றி மாற்றிச் சொன்னபோது விளைவு ஒன்றேகால் சதவீதம்தான். எண் சிறியது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற நிறத்திலேயே இரண்டு பேரின் உறுதி இவ்வளவு அசைக்கிறது என்பது சிறிய விஷயம் இல்லை.

இவற்றிலிருந்து நடைமுறைக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம்? ஆஷின் சோதனையில் பதிலைச் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோது விட்டுக்கொடுப்பது வெகுவாகக் குறைந்தது. ஆகவே முக்கியமான கூட்டங்களில் பேச்சைத் தொடங்குவதற்கு முன் எல்லோரும் தங்கள் கருத்தை எழுதிவிடுவது நல்லது. மேலதிகாரி கடைசியில் பேசட்டும். மரண தண்டனைக்குரிய வழக்குகளில் இளைய நீதிபதிகள் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா விதித்திருக்கிறது. மூத்தவர் வாயைத் திறந்துவிட்டால் அப்புறம் வேறு குரல் வராது என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. கூட்டத்தில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் சரியான பதில் கையில் இருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். "எனக்கு இது சரியாகப் படவில்லை" என்ற ஒரு வரியே, வாயை மூடிக்கொண்டிருக்கிற இன்னொருவருக்கு வழி திறக்கும். வேறொருவர் அப்படிச் சொன்னால், கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது அவரிடம் தனியாகப் போய் "நீங்கள் சொன்னது சரிதான்" என்று சொல்லாமல், அங்கேயே சொல்லுங்கள்.

சாலையில் அடிபட்டோ மயக்கம் வந்தோ விழுகிறீர்கள், சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது, உங்களுக்குப் பேச முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். "யாராவது உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், அந்த 'யாராவது' பக்கத்தில் இருப்பவர்தான் என்று ஒவ்வொருவருக்கும் தோன்றலாம். ஒரே ஒருவர் முகத்தைப் பார்த்து, அடையாளம் சொல்லி, என்ன நடக்கிறது என்பதையும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்: "நீலச் சட்டை அண்ணே, நெஞ்சு வலிக்குது, 108க்கு போன் போடுங்க."